ரோட்டுப் பக்கத்து மூன்றடி

பொன்னாடை போர்த்திக்கொண்ட ஆளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. இது எனக்கு முப்பத்தோராவது வயதில், எங்கள் தோட்டத்துப் பாடசாலையின் காலைக் கூட்டத்தில், நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் விளங்கியது. விளங்கும்போது துணி கழுத்தில் விழுந்துவிட்டது.

அதிபர் மரியரட்ணம் சேர் முதல் நாள் போன் எடுத்து, "ஜூட்சன், நாளைக்கு காலைக் கூட்டத்துக்கு வந்துட்டுப் போங்க. மதில் விசயமா பேசுவோம்" என்றுதான் சொன்னார். பேசப்போகிறோம் என்று நம்பிப் போனேன். பாசி சுரண்டுவதற்கு எவ்வளவு, சதுர அடிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சேர் மைக்கைப் பிடித்தார். "நமது பாடசாலையின் பழைய மாணவர், ஓவியர் ஜூட்சன் அவர்கள், நமது மதில் சுவரைத் தனது சேவையாக அழகுபடுத்தித் தர முன்வந்துள்ளார்" என்றார். யாரோ ஒரு டீச்சர் தட்டில் பொன்னாடையைக் கொண்டுவந்தார். இரண்டாம் தரத்து வரிசையில் நின்ற என் மகள் ஜெனுஷா எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். நான் குனிந்தேன். குனிந்திருக்கக் கூடாது.

"சேவை" என்ற சொல்லை அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். மகள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது "சேர், இதுக்கு எவ்வளவு தருவீங்க" என்று கேட்கிற முகம் எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அலுவலக அறையில் தாளை எடுத்து நீட்டினேன். சேர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்குவமாக மடித்து என்னிடமே தந்தார்.

"என்னா ஜூட்சன், இப்பதானே பிள்ளைகளுக்கு முன்னுக்கு சேவைன்னு சொன்னோம். இனி எப்படி அபிவிருத்திச் சங்கத்துல காசு கேக்குறது? நமக்கும் ஒரு மாதிரி, உங்களுக்கும் ஒரு மாதிரி."

"சொன்னது நீங்க சேர்."

"சரி விடுங்க. பெயின்ட் எல்லாம் வரும். சாப்பாடு தருவோம். அதோட பாருங்க, உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விளம்பரம்! போகவந்தலாவைக்குப் போற பஸ் எல்லாம் இந்த ரோட்டுலதான் போகுது."

விளம்பரம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். ஆனால் அன்று அந்தச் சொல்தான் என்னைப் பிடித்தது. ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

நான் ஆறு வருஷம் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினேன். அந்தக் கடைப் பெயர்ப்பலகையை எழுதியதும் நான்தான். முதலாளி அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், மறுபடி மூட்டை தூக்க அனுப்பினார். போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊருக்கு வந்தேன். இனிமேல் படம் வரைந்தே பிழைப்பேன் என்று என் பெண்சாதி ஐவியிடம் சொன்னேன். ஐவி மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். எங்கள் வீட்டில் நிச்சயமான வரும்படி அவள் கூடையில்தான் வருகிறது. அவள் கத்தவில்லை, அழவில்லை.

"மார்ச் கடைசி வரைக்கும் பாருங்க. சரிவரலன்னா ஏப்ரல் ஒண்ணாந்தேதி கொழும்பு பஸ்ல ஏறணும். உங்க முதலாளிக்கும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

அந்த மார்ச்சுக்கு முன்னால் நான் செய்யாத கூத்து இல்லை. ஹட்டனில் சுயதொழில் செய்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது, போனேன். சப்பாத்து மினுங்கிய ஒருவர் வந்து, "முதல்ல இலவசமா செஞ்சு குடுங்க, பேர் பரவும்" என்றார். அவர் அன்றைக்கு இலவசமாக வந்திருக்கவில்லை. முகநூலில் ஒரு பக்கம் திறந்தேன். ஆயிரத்து முந்நூறு பேர் சேர்ந்தார்கள். படம் போட்டால் "அருமை", "வாழ்த்துகள் சகோ", தீ, இதயம், கும்பிட்ட கை. லைக் போடுகிற விரல் ஒன்றுகூடப் போன் நம்பரை அழுத்தவில்லை. இருநூறு விசிட்டிங் காட் அடித்தேன். எங்கள் லயத்து வீடுகளில் அதை வாங்கிய எல்லோரும் மாதா படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் பக்கத்தில் மரியாதையாகச் செருகி வைத்தார்கள். எனக்குப் போன் எடுக்க அவர்களுக்குத் தேவை இல்லையே. வாசலுக்கு வந்து, "ஜூட்சன், நம்ம ஆட்டோவுல சும்மா ரெண்டு எழுத்து போட்டுத் தா" என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். ஒரு பிளேன்டீ ஊற்றுவார்கள்.

தெரிந்த ஆள் காசு தர மாட்டான். என்னைத் தெரியாத ஆளுக்கு என் நம்பர் தெரிய வேண்டும். என்னைத் தெரியாத ஆள்கள் எல்லாம் அந்த ரோட்டில்தான் போகிறார்கள். நோர்வூட்டிலிருந்து போகிற பஸ், லொறி, வேன், கொழுந்து ஏற்றுகிற டிரக்டர் என்று எல்லாமே பாடசாலை முடக்கில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்கும். குறைக்கிற இடத்தில் மதில் முடிகிறது. அந்த முனையில் மூன்றடிக்கு இரண்டடி இடம் இருந்தால், என் பெயரும் நம்பரும் வருஷக்கணக்கில் அங்கே நிற்கும்.

"சரி சேர்," என்றேன். "காசு வேணாம். ரோட்டுப் பக்கத்து மூணடி எனக்கு. என் பேரு, போன் நம்பர், சுவர் ஓவியம், பெயர்ப் போட், உருவப்படம்னு எழுதுவேன். அத யாரும் தொடக் கூடாது."

"அதுக்கென்னா! தாராளமா எழுதுங்க" என்று சேர் கை கொடுத்தார்.

கொடுத்த கையை ஒரு தாளில் வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் படித்த மனிதனிடம், அதுவும் பாடம் சொல்லித் தந்தவரிடம், எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால் அது அடித்த மாதிரி. நானும் அந்த ஊர்க்காரன்தானே.

மதில் நூற்றுப் பத்து அடி. பாதிச் சுவர் உப்புப் பூத்திருந்தது, மீதியில் பாசி. கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டிச் சுரண்டி மூன்றாம் நாள் விரல் மடங்கவில்லை. காலையில் பனி இறங்கினால் பத்து மணி வரைக்கும் பிரஷை எடுக்க முடியாது, சுவர் வியர்த்து நிற்கும். பெயின்ட் கொடுத்தவர் சின்னராசா அண்ணன். எங்கள் தோட்டத்தில் பிறந்து, ஹட்டனில் இரண்டு கடை வைத்திருக்கிறவர். அவர் அனுப்பிய டின்களைத் திறந்தேன். கடையில் யாரும் வாங்காத நிறமெல்லாம் வந்திருந்தன. ரோஸ் மட்டும் நாலு பெரிய டின். அதனால்தான் எங்கள் பாடசாலைச் சுவரில் மாலை நேரத்து வானம் நாற்பது அடி நீளத்துக்குப் போகிறது. பார்த்தவர்கள் என்ன கற்பனை என்று மெச்சினார்கள்.

சேர் கேட்டதெல்லாம் வரைந்தேன். நீர்வீழ்ச்சி, மயில், பூமியும் சந்திரனும், கணினி முன்னால் உட்கார்ந்த பிள்ளை. அவர் கேட்காதது ஒன்றும் வரைந்தேன். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற பெண்கள். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள், ஒருத்தி சேலைக்கு மேலே படங்குச் சாக்கைக் கட்டுகிறாள், ஒருத்தி யாரையோ ஏசுகிறாள். மலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏய், கொட்டாவி விடுறது நம்ம ராக்காயி அக்காடி!"

"அப்ப ஏசுறது யாரு?"

"அது ஐவி. வேற யாரு புருஷன ஏச முடியும்?"

அந்தச் சிரிப்பை மட்டும்தான் அந்த இருபத்திரண்டு நாளில் நான் சம்பளமாக வாங்கினேன். கடைசி நாள் ரோட்டுப் பக்கத்து முனையில் வெள்ளை அடித்து, கறுப்பில் என் பெயரை எழுதினேன். நம்பரை மட்டும் சிவப்பில், ஒரு சாண் உயரத்தில். எதிரே போய் நின்று பார்த்தேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கலாம்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சின்னராசா அண்ணன் சுவரைப் பார்க்க வந்தார். மரியரட்ணம் சேர் அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணன் நீர்வீழ்ச்சியையும் பார்க்கவில்லை, மயிலையும் பார்க்கவில்லை. நேராக ரோட்டுப் பக்கத்து முனைக்குப் போய் நின்றார்.

"இந்த எடந்தான் சேர். இங்கதான் எங்கப்பா பேரு வரணும்."

சேர் என்னைப் பார்க்காமல் சந்திரனைப் பார்த்தார்.

"அண்ணே, அதுல என் நம்பர் இருக்கு" என்றேன்.

"தெரியுது தம்பி. அழிச்சிட்டு எங்கப்பா படத்த வரைஞ்சிரு. கீழ 'அமரர் மூக்கன் அவர்களின் ஞாபகார்த்தமாக, அன்பளிப்பு சின்னராசா'ன்னு எழுது. எழுத்து பெருசா இருக்கணும்."

"நடுவுல எடம் இருக்கே அண்ணே. ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்துல நல்லா பெருசா வரைஞ்சு தாறேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். குரலில் அதிகாரம் இல்லை, அதுதான் கஷ்டம். "தம்பி, எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் இந்த மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டினாரு. இந்த ரோட்டுலதான் கத்தியத் தூக்கிக்கிட்டு நடப்பாரு. ஒரு தோட்டத் தொரை வண்டிய நிப்பாட்டி அவரு பேரக் கேட்டதில்ல. இப்ப போற வாற எல்லாரும் அவரு பேர வாசிக்கணும். கேட்டுக்குப் பக்கத்துல போட்டா எந்த பஸ்ல தெரியும்?"

அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. அவர் அப்பா பெயரை யாரும் கேட்கவில்லை என்பதற்காக, என் பெயரை என் கையாலேயே அழிக்கச் சொல்கிறார். என் அப்பாவும் அதே மலையில்தான் கவ்வாத்து வெட்டினார்.

"நான் அழிக்க மாட்டேன் அண்ணே. சேர்கிட்ட பேசி எடுத்த எடம் அது. கூலிக்குப் பதிலா எடுத்தது."

"கூலியா?" அண்ணன் சேரைத் திரும்பிப் பார்த்தார். "சேவைன்னுதானே சொன்னீங்க?"

"சேவைதான், சேவைதான்" என்றார் சேர் அவசரமாக. "ஜூட்சன், நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க பேசிக்கிறோம்."

நான் வீட்டுக்குப் போனேன். சுற்றுவட்டாரத்தில் சுவரில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், நான் மாட்டேன் என்றால் யார் எழுதுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்டேன் என்று ஐவியிடமும் சொன்னேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை காலை எட்டரைக்குத் திறப்பு விழா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ரோட்டோரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். கூம்பு ஒலிபெருக்கி இரண்டு, ஒன்று பாடசாலைக்குள்ளே, ஒன்று ரோட்டைப் பார்த்து. மதில் முனைக்குப் போனேன். என் மூன்றடி அங்கே இல்லை.

அதற்கு மேலே ஒரு பெனர் நின்றது. ஆறடிக்கு எட்டடி. நீலப் பின்னணியில் மூக்கன் தாத்தாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, யாருடையதோ ஒரு கோட்டும் டையும் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் கும்பிட்டபடி சின்னராசா அண்ணன். பெனர் காற்றில் ஆடாமல் இருக்க நான்கு பக்கமும் நாலங்குல ஆணி, நேராக என் சுவரில். பெரட்டுக் களத்துப் பெண்களில் இருவர் பாதிக்குமேல் மறைந்துவிட்டார்கள். கொட்டாவி விட்டவளின் வாயில் ஒரு ஆணி.

அதோடு போயிருந்தால் பேசாமல் திரும்பியிருப்பேனோ என்னவோ. பெனரின் வலது பக்க அடியைப் பார்த்தேன். சின்ன எழுத்தில், ஆனால் தெளிவாக, பெனர் அடித்த கடையின் பெயர். பக்கத்தில் அவன் போன் நம்பர் இரண்டு.

சேர் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"சேர், இந்த நம்பர் என்னா?"

"அது கடைக்காரன் நம்பர்."

"அவன் கேட்டானா, போடலாமான்னு?"

"அதெல்லாம் கேக்குறதா? எல்லா பெனர்லயும் அவங்க போடுறதுதானே."

"சும்மா அடிச்சுக் குடுத்தானா?"

"சும்மா எப்படி? சின்னராசா காசு கட்டித்தான் எடுத்தாரு." சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜூட்சன், இன்னைக்கு நல்ல நாள். விழா முடியட்டும். ஒரு மாசம் போனதும் பெனரக் கழட்டிருவோம்."

"ஒரு மாசம் போனதும் நான் கொழும்புல மூட்ட தூக்குவேன் சேர்."

"அதுக்கு நான் என்னா செய்ய?" என்றார் அவர். உண்மையாகவே கேட்டார். பிறகு கார்ச் சத்தம் கேட்டு ஓடினார்.

நான் அங்கேயே நின்றேன். கம்ப்யூட்டரில் பத்து நிமிஷம் தட்டியவன் காசும் வாங்கிக்கொண்டான், நம்பரும் போட்டுக்கொண்டான், ஒருத்தரிடமும் அனுமதி கேட்கவில்லை. இருபத்திரண்டு நாள் சுவரோடு தேய்ந்தவனுக்குக் காசும் இல்லை, நம்பரும் இல்லை. அவன் அதை உரிமையாக எடுத்தான். நான் தயவாகக் கேட்டேன். கேட்டதால்தான் அது மறுக்கக் கூடியதாக ஆனது.

விழா தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு மாலை. பெனருக்கு முன்னால் ரிப்பனும் கட்டியிருந்தார்கள். பிறகு சேர் நன்றிப் பட்டியலை வாசித்தார். பெயின்ட் தந்த சின்னராசா அவர்கள். மதிலுக்கு மணல் தந்தவர். கொட்டகைத் தகரம் தந்தவர். பனிசும் பிளேன்டீயும் தந்தவர். கதிரைகளை ஏற்றி வந்த டிரக்டர் சாரதி அழகன் அவர்கள். பட்டியல் முடிந்தது. தாளை மடித்துக்கொண்டே, "மேலும் உதவிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும்" என்றார்.

அந்த "அனைத்து"க்குள்ளேதான் நான் இருந்தேன்.

சேர் மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு, ரிப்பன் வெட்ட விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு போனார். மைக் தனியாக நின்றது. நான் எழுந்து போனேன். யாரும் தடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் மேடையில் ஏறினால் விழாக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

"வணக்கம்" என்றேன். ரோட்டைப் பார்த்த கூம்பு என்னைவிடப் பலமாக வணக்கம் சொன்னது. "என் பேரு ஜூட்சன். இந்தச் சுவர வரைஞ்சவன் நான். இருபத்திரெண்டு நாள் வேல செஞ்சேன். கூலி வாங்கல. கூலிக்குப் பதிலா என் போன் நம்பர எழுத எடம் தாறதா சொன்னாங்க. அந்த எடத்துல இப்ப பெனர் அடிச்சிருக்கு. அதனால நம்பர வாயால சொல்றேன், போன் இருக்கவங்க எழுதிக்கங்க."

கத்தரிக்கோலைப் பிடித்தபடி அதிகாரி திரும்பிப் பார்த்தார். போகவந்தலாவை பஸ் ஒன்று கூட்டத்தால் நகர முடியாமல் நின்றது. ஜன்னலில் தலைகள்.

"பூச்சியம் ஏழு ஏழு" என்று தொடங்கி மிச்சத்தையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் லொத்தர்ச் சீட்டு விற்கிறவன் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மறுபடி சொன்னேன். "வீட்டுச் சுவர், கடை போட், வேன், ஆட்டோ, கல்லறைச் சிலுவை, கோயில் தேர், உருவப்படம். சதுர அடிக்கு முந்நூறு ரூபா, பெயின்ட் வேற. பாதிக் காசு முன்னுக்கு. சேவைக்கு வர மாட்டேன். விளம்பரத்துக்கும் வர மாட்டேன்." மூன்றாவது முறையும் நம்பரைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் கைதட்டினார்கள். கொட்டகையில் ஒருவரும் தட்டவில்லை.

சேர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. "என்னா வேல செஞ்ச நீ? பிள்ளைகளுக்கு முன்னுக்கு கூலிக் கணக்கு பேசுறதா? வெக்கமா இல்ல?"

"இந்தப் பிள்ளைகளோட அம்மா அப்பா எல்லாம் எதுக்கு சேர் மலைக்குப் போறாங்க? கூலிக்குத்தானே. கூலி பத்தலன்னு இதே ரோட்டுல உக்காந்தாங்களே, அப்ப நீங்களும் வந்து பேசினீங்க. அன்னைக்கு வெக்கமா இருந்துச்சா?"

"அது வேற, இது கலை!"

"கலைக்கு வயிறு இல்லையா சேர்?"

சின்னராசா அண்ணன் ரிப்பன் துண்டைக் கையில் வைத்தபடி வந்தார். முகம் கறுத்திருந்தது. "எங்கப்பா பேர்ல நடக்குற விழாவக் கெடுத்துட்டியே தம்பி."

"உங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சு வருஷமும் கூலி குடுக்காம பொன்னாட போத்தியிருந்தா, நீங்க இன்னைக்கு கட வச்சிருப்பீங்களா அண்ணே?"

அவர் பெனரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் கழுத்தில் இருந்த டையைத்தான் பார்த்தாரோ தெரியாது. வண்டியில் ஏறிப் போய்விட்டார். பனிசு சாப்பிடவில்லை.

வீட்டில் ஐவி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். அவள் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்திருக்கிறாள்.

"சந்தோசமா? உங்க மக அந்த ஸ்கூல்லதான் இன்னும் பத்து வருஷம் படிக்கணும். அது ஞாபகம் இருந்துச்சா மைக்கப் புடிக்கயில?"

"இருந்துச்சு."

"இருந்துமா?"

"இருந்ததாலதான். அன்னைக்கு பொன்னாட போத்தயில அவதான் பலமா கை தட்டினா. அது சரின்னு அவ நெனச்சிரக் கூடாது."

ஐவி வெளியே போய் விறகு பிளந்தாள். தேவைக்கு அதிகமாகப் பிளந்தாள்.

பாடசாலையின் முகநூல் பக்கத்தில் விழாவை நேரலையாக விட்டிருக்கிறார்கள். பின்னேரம் அதை அழித்தார்கள், அதற்குள் யாரோ நான் பேசிய துண்டை வெட்டிப் பரப்பிவிட்டார்கள். போன் அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பு, பெயர் சொல்லாத ஒருவன், படித்த பாடசாலையை அவமானப்படுத்திய நாய் என்றான். இரண்டாவது, நம்பர் சரிதானா என்று பார்த்தவன். மூன்றாவது, லிந்துலைப் பக்கத்து ஒரு அதிபர்.

"தம்பி, உங்க பேச்சக் கேட்டேன். ரொம்பத் துணிச்சல். எங்க பாடசாலையிலயும் ஒரு சுவர் இருக்கு."

"எத்தன அடி சேர்?"

"அறுவது அடி வரும். பிள்ளைகளுக்காகத்தானே, நீங்க கொஞ்சம் பார்த்து..."

"சதுர அடி முந்நூறு சேர். பார்க்க ஒண்ணும் இல்ல."

"நான் சொல்ல வந்தது, உங்களுக்கும் ஒரு நல்ல..."

வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்டால் போனை ஆற்றில் எறிந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு ஏச்சுத்தான். வலயத்து அதிபர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் நம்பரைப் போட்டு, இவனைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருப்பதாக ஒரு டீச்சர் சொன்னார். அங்கே மட்டும் என் நம்பரை யாரும் மறைக்கவில்லை. ஜெனுஷாவை தமிழ்த் தின நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்கப் போன ஐவியிடம், ஆள் கூடிவிட்டது என்றார்களாம்.

ஒன்பதாம் நாள் நோர்வூட்டிலிருந்து பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெண் பேசினார். சண்முகவடிவு என்று பெயர் சொன்னார். அன்று அந்த பஸ்ஸில் இருந்தவராம். "ரெண்டு வேன் இருக்கு. ரெண்டு பக்கமும் பேரு எழுதணும், பாணும் கேக்கும் வரையணும். முந்நூறு கொஞ்சம் கூடத்தான். ஆனா நீங்க கொறைக்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால கேக்கல. பாதிக் காச எங்க அனுப்ப?"

இரண்டு வேனையும் எழுதி முடித்தேன். அது ஒரு வேலை. ஒரு வேலையை வைத்துக்கொண்டு வருஷம் ஓடாது, எனக்கும் தெரியும்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, ஐவி மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கொழும்பு முதலாளி. நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஐவி ஈரக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"ஆமாங்க முதலாளி, நான்தான் சொன்னேன். ஒண்ணாந்தேதின்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் கேட்டாள். "இல்லிங்க. வரமாட்டாரு. வேற ஆள எடுத்துக்கிங்க. இங்க வேல இருக்கு."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பொட்டு அன்பு இல்லை.

"எங்க ஐவி வேல இருக்கு?" என்றேன்.

"தேடுங்க. ஊர்ல உள்ளவன் எல்லாம் உங்கள ஏசிட்டான். பிள்ளய நாடகத்துல இருந்து தூக்கிட்டானுங்க. இவ்வளவையும் வாங்கிக்கிட்டு மூட்ட தூக்கப் போனா, கூலி கேட்டது வெக்கம்னு அந்த சேர் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். அது ஆகக் கூடாது." போனை என் கையில் திணித்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, தலவாக்கலையில சந்த. ஏணியத் தூக்கிக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு கடையா ஏறி எறங்குங்க. நானும் வாறேன். வெலய நான் சொல்றேன். உங்க வாய நம்ப முடியாது, யாராவது பிளேன்டீ குடுத்தா எழுதிக் குடுத்துட்டு வந்துருவீங்க."